புது மேடம்

துடியலூர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

ஏற்காட்டுக் குளிர் உனக்குப் பழகிவிட்டதா? நீ கொண்டுபோன ஸ்வெட்டர் தன்னுடையது என்று அம்மாவுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. பரவாயில்லை, நீயே போட்டுக்கொள்ளச் சொன்னாள். இங்கே சித்தியும் நானும் சுகம். சித்திக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. பள்ளிக்கூடச் சமையலுக்கு நொண்டிக்கொண்டே போய்வருகிறாள்.

மடத்தில் ஒரு வருடம் ஃபோன் கிடையாது, கடிதம்தான் என்று நீ சொன்னபோது அம்மா அழுதாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. ஃபோனில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். கடைசியாகக் கிடைத்த டெலிகாலர் வேலையை அதனால்தான் ஒரே வாரத்தில் விட்டேன். வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்த பிறகே உங்களிடம் கொடுப்பார்கள் என்றாய். அதனால் இதைப் படிக்கும் சிஸ்டருக்கும் என் வணக்கம்.

ஒரு செய்தி. போன மாதம் ஒரு பம்ப் கம்பெனியில் நேர்காணல். "பி.எஸ்சி. ஃபிசிக்ஸ். சரிம்மா, கையில என்ன வேலை தெரியும்?" என்று மேனேஜர் கேட்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்களுக்கு ஐ.டி.ஐ. முடிச்ச பிள்ளைங்கதான் வேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வந்து வீட்டுக்கார ராசாத்தாள் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அதையும் படிச்சுப்போடு கண்ணு. இதுல என்ன வெக்கம்? எங்க அண்ணன் மவன் எம்.பி.ஏ. முடிச்சுப்போட்டு எருமை வெச்சிருக்கறான். எருமையாச்சும் அவஞ் சொன்னாக் கேக்குது" என்றார்.

பெண்களுக்கு ஐ.டி.ஐ.யில் வயது வரம்பு கிடையாதாம். விண்ணப்பித்தேன். எலெக்ட்ரீசியன் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. நாளை திங்கட்கிழமை சேரக் கடைசி நாள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. நம் எஸ்டேட் லயன் வீடுகளில் டிகிரி முடித்தவள் நான் ஒருத்திதான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில்கூட "எம்மவ டிகிரி" என்று ஆரம்பித்துவிடுகிறார். பத்தாவது முடித்த பிள்ளைகளோடு போய் உட்காரப்போகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனாலும் நாளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்.

உன் தங்கை,
ஃபெமினா


(ராசாத்தாள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன சீட்டு)
6 ஆகஸ்ட்

ஃபெமினா டீச்சர்,

நல்லா இருக்கீங்களா? நான் வர்ஷினி. கொரோனா லீவுல எஸ்டேட்ல உங்ககிட்ட டியூஷன் படிச்சேனே, பின்னக் கணக்கு வராம தெனமும் குட்டு வாங்குவேனே, அவளேதான். இப்ப ஐ.டி.ஐ.ல எலெக்ட்ரீசியன் செகண்ட் இயர். நீங்க ஃபோன் எடுக்கவே மாட்டேங்கறீங்க, அதான் எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.

நேத்து கேட்ல உங்களைப் பார்த்த சந்தோஷத்துல "டீச்சர்"னு கத்திட்டேன். அதைக் கேட்டு வாட்ச்மேன் அண்ணன் எந்திரிச்சு நின்னு, "புது மேடமுங்களா?"ன்னாரு. நீங்களும் ஆமான்னு தலையாட்டினீங்க. நான் பையை வாங்கிட்டு ஸ்டாஃப் ரூம் வாசல் வரைக்கும் வந்து விட்டுட்டுப் போனேன். க்ளாஸ் பூரா எங்க டீச்சர் வேலைக்கு வந்திருக்காங்கன்னு சொல்லிட்டேன்.

சாயங்காலம் பார்த்தா அப்படி யாரும் வேலைக்குச் சேரலையாம். ஃபர்ஸ்ட் இயர் லிஸ்ட்ல ஃபெமினான்னு ஒரு பேரு மட்டும் கடைசி வரைக்கும் வரலைன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க.

அது நீங்களா டீச்சர்? நான் கத்தியிருக்கக் கூடாதோ?

வர்ஷினி


ஏற்காடு
1 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை ஃபெமிக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் சுகம். நீயும் சித்தியும் சுகமாக இருக்க ஒவ்வொரு நாளும் செபிக்கிறேன். சித்தியின் முழங்காலுக்கும் சேர்த்துத்தான்.

உன் கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது. இங்கே மாதத்தின் முதல் ஞாயிறுதான் கடிதம் தருவார்கள். பதில் எழுதவும் அன்று ஒரு மணி நேரம்தான். எங்கள் பயிற்சிக்குப் பொறுப்பான சிஸ்டர் அன்புக்கரசி, நீ சொன்ன வணக்கத்தைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லச் சொன்னார்.

நீ சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்! இன்று பூசையில் மன்றாட்டு நேரத்தில் சத்தமாகச் சொன்னேன்: "எலெக்ட்ரீசியன் படிக்கும் என் தங்கைக்காக." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்பிள்ளை எலெக்ட்ரீசியனா என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டுத் தீர்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அது பாவமில்லை என்று நினைக்கிறேன்.

நாங்கள் பதினொரு பேர். என்னையும் இன்னொருத்தியையும் தவிர எல்லோரும் கல்லூரி முடித்தவர்கள். பேசாமல் இருக்கும் நேரம் அதிகம். எனக்குச் சமையலறையும் துணி இஸ்திரியும் கொடுத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறேன்.

வகுப்பில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுது. இங்கே படிக்கக் கிடைப்பதெல்லாம் புனிதர்கள் வரலாறுதான்.

அன்புடன்,
ஜெசிந்தா


(சீட்டு)
9 செப்டம்பர்

டீச்சர்,

நீங்க கேட்ட ஃபர்ஸ்ட் இயர் தியரி புக்கை ஹவுஸ் ஓனரம்மாகிட்ட குடுத்திருக்கேன். அங்கங்க எண்ணெய்க் கறை இருக்கும், கண்டுக்காதீங்க. எதுக்குன்னு கேக்கமாட்டேன். ஆனா அடுத்த வருஷமும் அட்மிஷன் உண்டு, அதை மட்டும் சொல்லிக்கறேன்.

அந்தம்மா, "ஏனம்மணி, நீ அவகிட்டப் படிச்சவளா, அவ உன்கிட்டப் படிக்கறவளா?"ன்னு கேட்டாங்க. ரெண்டும்னு சொல்லிட்டு வந்தேன்.

வர்ஷினி


துடியலூர்
14 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நலமா? சித்திக்கு வலி கொஞ்சம் குறைவு. உன் செபம் என்று நான் சொல்ல, தைலம் என்கிறாள்.

வகுப்பு நன்றாகப் போகிறது. எடுத்தவுடன் ஒயரைத் தொட விடமாட்டார்கள். ஒரு இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சதுரமாக்க வேண்டும். கைக்கு நிதானம் வருவதற்காம். சிவப்பு ஒயர் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மின்சாரம் எப்போதும் திரும்பிப்போக ஒரு வழி தேடும். நாம் நடுவில் நின்றால் நம் வழியாகப் போய்விடும். கல்லூரியில் மூன்று வருடம் எலெக்ட்ரான் பற்றிப் படித்தேன். அது என் வழியாகப் போகும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் நீல யூனிஃபார்ம். காலையில் கும்பலாக வருவார்கள், சாயங்காலம் பிய்ந்து பிய்ந்து போவார்கள். எதிரிலுள்ள பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தால் ஒர்க்‌ஷாப் ஜன்னல் தெரியும். வெல்டிங் பிரிவின் வெளிச்சம் பகலிலும் நீலமாக வெட்டும். பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும் என்பார்கள். நான் பார்த்துவிடுகிறேன்.

நீ பசியோடு தூங்கிவிடாதே. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட உனக்குக் கூச்சம் என்று எனக்குத் தெரியும்.

உன் ஃபெமினா


ஏற்காடு
6 அக்டோபர் 2024

அன்புள்ள ஃபெமி,

உன் நலம் அறிந்தேன், என் நலமும் அதுவே. மழை விடாமல் பெய்கிறது. துணி காயவே இல்லை. எல்லாவற்றையும் இஸ்திரி போட்டுத்தான் காயவைக்கிறேன், அதாவது வைத்தேன். இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. ஒயரை ஒரு பக்கம் வளைத்துப் பிடித்தால் சூடாகிறது, விட்டால் போய்விடுகிறது. பழுது பார்ப்பவர் சேலத்திலிருந்து வர வேண்டும். சிஸ்டர் அன்புக்கரசி, "உன் தங்கையைக் கேளேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகவா தெரியவில்லை. நான் நிஜமாகக் கேட்கிறேன்.

உன் கடிதத்தை மடித்து ஏப்ரனில் வைத்திருக்கிறேன். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்க்கிறேன்.

ஜெசிந்தா


துடியலூர்
19 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

இது உன் கைக்கு வரும்போது மழை விட்டிருக்குமோ என்னவோ. இங்கே மேட்டுப்பாளையம் ரோடு முழுக்கத் தண்ணீர்.

இஸ்திரிப் பெட்டிக்கு வருகிறேன். ஒயர் பிளக்குக்குப் பக்கத்தில் உள்ளேயே அறுந்திருக்கிறது. வெளியே தெரியாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு ஆரம்பி. அறுந்த இடத்துக்குக் கீழே வெட்டு. மேல்தோலைச் சீவு. உள்ளே மூன்று ஒயர் இருக்கும். பச்சையைப் பிளக்கின் பெரிய முள்ளில் போடு, மற்ற இரண்டும் படத்தில் இருக்கிறபடி. ஒயர் நிறம் வேறாக இருந்தால் தொடாதே, எனக்கு எழுது. செம்புக் கம்பிகளை முறுக்கிவிட்டு ஸ்க்ரூவைச் சுற்றிப் போட வேண்டும். ஒரு முடிகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிளக்கின் படம் வரைந்திருக்கிறேன்.

வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். என் பெஞ்சில் நான் மட்டும்தான். பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், என்னோடு அதிகம் கிடையாது. மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு மூடிவிடுவேன். ஒரு நாள் முழுக்க நான் பேசிய வார்த்தைகள் பஸ் கண்டக்டரிடம் சொன்ன "துடியலூர்" மட்டும் என்று சில சமயம் தோன்றும்.

இதற்காக வருத்தப்பட்டுப் பதில் எழுதாதே. இஸ்திரிப் பெட்டி என்ன ஆயிற்று என்று மட்டும் எழுது.

ஃபெமினா


ஏற்காடு
3 நவம்பர் 2024

என் அருமைத் தங்கை,

சூடாகிறது! இப்போதுதான் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நிறம் நீ சொன்னபடியே இருந்தது. முதல் தடவை ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, கழற்றிவிட்டு மறுபடி போட்டேன். சிஸ்டர் பக்கத்திலேயே செபமாலையோடு நின்றார். "உன் தங்கை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள்" என்றார். இந்த வீட்டில் என்னைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல். உன்னைப் பற்றிச் சொன்னாலும் அது எனக்குத்தான்.

வரும் மே மாதம் துறவற வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் சபையின் மாகாணத் தலைவி வந்து ஒவ்வொருவரையும் மேற்கொண்டு என்ன படிக்க விருப்பம் என்று கேட்பாராம். நான் பிளஸ் டூவோடு நின்றவள். சமையலே போதும் என்று சொல்வதாக இருந்தேன். இப்போது யோசிக்கிறேன். அதற்கு மேல் எழுத இங்கே இடமில்லை.

டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலம், கடிதம் கிடையாது. அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொள்.

ஜெசிந்தா


வால்பாறை
26 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இது ஜனவரியில்தான் உன் கையில் கிடைக்கும். அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உன் தட்டு இல்லாமல் சாப்பிட்டோம்.

பூசை முடிந்து அப்பா என்னைப் பங்குச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனார். "இதாங்க சாமி சின்னவ, கவர்மெண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறா." சாமியார், "எந்த குரூப்?" என்றார். "எல்லா குரூப்பும்ங்க" என்று அப்பாவே சொல்லிவிட்டார். சாமியார் சிரித்தார், அப்பாவும் சிரித்தார். நான் குடிலிலிருந்த ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அம்மா கூப்பிடுகிறாள். பிறகு எழுதுகிறேன்.

ஃபெமினா


ஏற்காடு
5 ஜனவரி 2025

அன்புள்ள ஃபெமி,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

அவசரம். கிணற்று மோட்டார் சுவிட்ச் போட்டால் "ம்ம்ம்" என்று முனகுகிறது, சுற்றுவதில்லை. தோட்டக்காரர் குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது. குடத்தில் தண்ணீர் தூக்குகிறோம். சிஸ்டர் தானாகவே, "உன் தங்கைக்கு எழுது" என்றார். இந்தத் தடவை விளையாட்டில்லை. உன் பதில் முதல் ஞாயிறுக்கு முன் வந்தாலும் மோட்டார் பகுதியை மட்டும் அவர் உடனே பார்த்துக்கொள்வாராம்.

நீ எழுத வந்ததை எழுதாமல் விட்டாயே, அது என்ன?

ஜெசிந்தா


துடியலூர்
11 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் மோட்டாரில் கோளாறு இல்லை, கப்பாசிட்டர் போய்விட்டது. மோட்டார் மேல் ஒரு மூடியும், அதற்குள் உருளையாக ஒன்றும் இருக்கும். மோட்டாரை முதலில் சுற்றிவிடுவது அதுதான். அதன் மேல் எண் எழுதியிருக்கும். அதே எண்ணில் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மெயினை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, இரண்டு ஒயரையும் கையால் பிடுங்கி, புதியதில் மாட்டினால் போதும். படம் கீழே.

நான் எழுத வந்தது ஒன்றும் பெரிதில்லை. பொங்கல் வாழ்த்துகள்.

ஃபெமினா


(சீட்டு)
20 ஜனவரி

டீச்சர்,

புக்கைத் திருப்பிக் குடுக்கறப்ப மோட்டாருக்கு என்ன பண்ணணும்னு நீங்க எழுதின பேப்பரையும் உள்ள வெச்சிருந்தீங்க, சரியான்னு பார்க்கச் சொல்லி. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிட்டேன், இப்பத்தான் பார்த்தேன்.

எல்லாம் சரி. ஒண்ணு விட்டுட்டீங்க. மெயினை ஆஃப் பண்ணாலும் கப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும். டிஸ்சார்ஜ் பண்ணாம கை வெச்சா தூக்கி அடிக்கும். எங்க க்ளாஸ் சாஜிதா பேகம் போன வருஷம் வாங்கினா, ரெண்டு நாள் விரல் மடக்க முடியலை. புக்ல அது அடுத்த பக்கத்துல இருக்கு. கையால பண்ணியிருந்தா மறந்திருக்க மாட்டீங்க.

இது சும்மா எழுதினதுதானே? யாருக்கும் அனுப்பலையே?

வர்ஷினி


துடியலூர்
21 ஜனவரி 2025

அக்கா,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை உன் மடத்துக்கு ஃபோன் செய்தேன். எண்ணை அழுத்துவதும் அணைப்பதுமாக இருந்தேன். ராசாத்தாள் அம்மா பார்த்துவிட்டு, "யாருக்குக் கண்ணு, மாப்பிள்ளைக்கா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"நான்… ஜெசிந்தா தங்கச்சிங்க."

"அவளுக்கு ஃபோன் தர முடியாதேம்மா. வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க சிஸ்டர். மோட்டாருங்க."

"யார் மோட்டார்?"

"உங்க மோட்டாருங்க."

சிஸ்டர் அன்புக்கரசி சிரித்தார். "ஓ, எலெக்ட்ரீசியனா! உன் லெட்டர் நேத்து வந்தது. ரொம்பத் தெளிவா எழுதியிருந்தே. கப்பாசிட்டர் வாங்க ஆள் போயிருக்கு. மத்தியானம் நானே மாட்டிடலாம்னு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வச்சிருக்கேன்."

"தொடாதீங்க சிஸ்டர்" என்று கத்தினேன். நான் கத்தியதை ராசாத்தாள் அம்மா இதுவரை கேட்டதில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டார். "அதுல கரண்ட் தங்கியிருக்கும். நான் எழுதாம விட்டுட்டேன். வேற ஆளைக் கூப்பிடுங்க. நான் எலெக்ட்ரீசியன் இல்லைங்க. ஐ.டி.ஐ.ல சேரவே இல்லைங்க. புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். அதுல எதையும் நான் தொட்டதே இல்லை."

ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "உன் அக்காவுக்கு யார் சொல்றது?" என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். "அப்ப மோட்டார் லெட்டரை என்ன பண்ண? கொடுக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

இதோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன்.

அன்றைக்கு கேட் வரை போனேன் அக்கா. வர்ஷினி "டீச்சர்" என்று கூப்பிட்டாள், வாட்ச்மேன் எழுந்து நின்று புது மேடமா என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன். எனக்காக யாரும் அதுவரை எழுந்து நின்றதில்லை. அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு ஆபீஸில் போய், பத்தாவது மார்க் ஷீட்டை நீட்டி, படிக்க வந்திருக்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. ஸ்டாஃப் ரூம் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சுற்றுச் சுவர் ஓரமாக நடந்து வெளியே வந்துவிட்டேன்.

சேர்ந்திருப்பேன் என்று நீ எழுதியபோது இல்லை என்று எழுதியிருக்கலாம். நீ மன்றாட்டில் சொல்லியிருந்தாய். என்னால் முடியவில்லை. அதன் பிறகு உனக்கு எழுதத்தான் படித்தேன்.

ஃபெமினா


ஏற்காடு
2 மார்ச் 2025

ஃபெமிக்கு,

போன மாதத்தின் முதல் ஞாயிறே உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. அன்று எழுதக் கொடுத்த ஒரு மணி நேரமும் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. இன்று எழுதாவிட்டால் பிறகு ஈஸ்டருக்குத்தான்.

மாகாணத் தலைவி ஜனவரியிலேயே வந்துபோனார். நான் உள்ளே போய், "எலெக்ட்ரிக்கல் படிக்க ஆசை" என்றேன். "யாரைப் பார்த்து வந்த ஆசை?" என்று கேட்டார். "என் தங்கையைப் பார்த்து" என்றேன். டிகிரி முடித்தவளே கூச்சப்படாமல் பத்தாவது பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள், எனக்கென்ன என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒர்க்‌ஷாப் ஜன்னல் தெரியும் என்று எழுதியிருந்தாய். உள்ளே படிப்பவள் எதற்கு வெளியிலிருந்து பார்க்கிறாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. கேட்டால் என்ன பதில் வருமோ என்று கேட்காமல் விட்டேன். இங்கே என் பெயர் சொல்லிப் பேச ஆளில்லாத நாட்கள் உண்டு. உன் கடிதம் நின்றுவிடக் கூடாது என்று இருந்தது.

நீ எழுதியது பொய். ஆனால் இஸ்திரிப் பெட்டி சூடானது பொய்யில்லை. நான்தான் ஒயரை வெட்டினேன், நான்தான் முள்ளில் போட்டேன். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மோட்டாருக்குச் சேலத்திலிருந்து ஆள் வந்தார். அவர் கப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டபோது பட்டென்று வெடித்தது. சிஸ்டர் ஒரு அடி பின்னால் போனார்.

என் படிப்பைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஜெசிந்தா


துடியலூர்
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

வார்த்தைப்பாடு முடிந்து உன்னை அனுப்பிய திண்டுக்கல்லில் வெயில் எப்படி? விடுதிப் பிள்ளைகள் நூறு பேருக்குச் சமைக்கும் கை வலிக்காமல் இருக்கிறதா? உன் படிப்பை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மாகாணத் தலைவி சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். வார்த்தைப்பாட்டு நாளில் உன்னைச் சுற்றி அத்தனை பேர். எனக்குக் கிடைத்தது உன் கையை ஒரு தடவை பிடிக்கும் நேரம்தான். நீயும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது உன்னிடம் ஃபோன் இருக்கிறது, ஆனால் எனக்கு எழுதத்தான் வருகிறது.

போன வாரம் ஊருக்குப் போய் ஐ.டி.ஐ. பற்றி அப்பாவிடம் சொன்னேன். "டிகிரிக்கு மேல அதா?" என்று கேட்டார். டிகிரிக்குக் கீழே என்றேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். இரவு சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார். இன்னும் பேசவில்லை.

நேற்று சேர்ந்தேன். நிஜமாக. வர்ஷினி முடித்துவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அதனால் கேட்டில் என்னைக் கூப்பிட யாருமில்லை. அது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. உள்ளே போய் நீலச் சட்டைகளுக்கு நடுவில் நின்றபோது, யாராவது என்னவென்றாவது கூப்பிட்டால் தேவலை என்று இருந்தது.

இன்று முதல் வகுப்பு. கிருபாசங்கர் என்று ஒரு சார். ஒவ்வொருவரையும் எழுப்பிப் பெயரும் படிப்பும் கேட்டார். பத்தாவதுங்க சார், பத்தாவதுங்க சார் என்று வரிசையாக வந்தது. நான் "பி.எஸ்சி. ஃபிசிக்ஸ்" என்றதும் எல்லாத் தலையும் திரும்பியது. பின்னால் ஒருவன், "அக்கா, பில்டிங் மாறி வந்துட்டீங்க" என்றான். சார் அவனை முறைத்துவிட்டு என் மேசையில் இரண்டு துண்டு ஒயரை வைத்தார்.

"ஜாயிண்ட் தெரியுமா?"

புத்தகத்தில் அத்தனை ஜாயிண்டும் படித்திருக்கிறேன் அக்கா. பெயர், படம், எது எங்கே பயன்படும், எல்லாம் வாயில் நின்றது.

"தெரியாதுங்க சார்" என்றேன்.

"சரி, உக்காரு. பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்து நிற்கவுமில்லை.

செம்புக் கம்பி விரலில் குத்தும் என்று புத்தகத்தில் இல்லை. இஸ்திரிப் பெட்டி ஒயரில் நீயும் குத்து வாங்கியிருப்பாய், எழுதவில்லை. போட்டு முடித்துக் காட்டினேன். சார் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார், ஜாயிண்ட் பிரிந்து கையோடு வந்துவிட்டது. "அவுத்துட்டு மறுபடி போடு" என்றார். மறுபடி போட்டேன். மறுபடியும் வந்துவிட்டது.

மணி அடித்தது. பெஞ்சுகள் நகர்ந்தன, எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். நான் இன்னொரு தடவை போடுவதற்காகக் கம்பியின் முறுக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

உன்,
ஃபெமினா